இரண்டாம் வாசிப்பும் இரவல் நேரமும்

படித்து முடித்த நூலொன்றை மீண்டும் படித்தல் தகுமோ என்பது, மேலோட்டமாக நோக்குமிடத்து, ஒரு வினாவாகவே தோன்றாது. விருப்பமும் நேரமும் உடையவர் படிப்பர், இல்லாதவர் விடுவர். இதிலே அறவியலுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். ஆயின், அந்நூல் பரீட்சைக்குரிய பாடநூலாக அன்றி ஒரு விஞ்ஞானப் புனைகதையாகவும், அதனைப் படிப்பவர் பதுளை மாவட்டத்து மீரியபெத்த போன்ற தோட்டமொன்றிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு வந்த மாணவராகவும், விடுதிக் கட்டிலிலே சாய்ந்து அவர் அதனை மூன்றாம் முறையாகப் புரட்டும் அதே பொழுதிலே அவருடைய தாயார் மலைச்சரிவிலே கொழுந்துக் கூடையுடன் நிற்பவராகவும் இருப்பாராயின், வினாவின் நிறம் மாறிவிடுகிறது. அவர் செலவிடும் மணித்தியாலம் யாருடையது? ஏற்கெனவே முடிவு தெரிந்த ஒரு கதைக்காக அதனைச் செலவிட அவருக்கு உரிமை உண்டா? வசதியுள்ள வீட்டிலிருந்து வருபவரை இக்கேள்வி உறுத்துவதில்லை. உறுத்தப்படுபவர்கள் பெரும்பாலும் தோட்டத்துப் பிள்ளைகளே. அதனாலேயே இதனைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும்.

மீளப் படித்தல் நமது மரபிலே இழிவாகக் கருதப்பட்ட ஒன்றன்று. நட்பு என்னும் அதிகாரத்திலே, பண்புடையாரின் தொடர்பு எத்தன்மையது என்று விளக்கப் புகுந்த வள்ளுவர், கற்கக் கற்கப் புதுச்சுவை தரும் நூலை அதற்கு உவமையாக்கினார். தெரியாத பொருளைத் தெரிந்த பொருளைக் கொண்டு விளக்குவதே உவமையின் தொழில். ஆகவே, ஒரு நூலைப் பன்முறை படித்துச் சுவைத்த அனுபவம் தம் வாசகருக்கு உண்டு என்பதை வள்ளுவர் ஐயமின்றி எடுத்துக்கொண்டார் என்று கொள்ளலாம். நன்னூலாசிரியரோ இதனைக் கல்விமுறையாகவே வகுத்தார். ஒரு பாடத்தை இருமுறை கேட்பவனிடத்துப் பிழை மிகுதியாக இராது என்றும், மூன்றாம் முறை கேட்பவனே பிறர்க்கு முறைப்பட எடுத்துரைக்க வல்லவனாவான் என்றும் அவர் கருதினார். கேட்டல் என்னுமிடத்திலே படித்தல் என்பதை வைத்துப் பார்ப்பதிலே தவறில்லை.

இதற்கு ஒரு மறுப்பு எழும். குறளும் இலக்கணமும் ஆழமுடையவை. அவற்றை மீளப் படிப்பதிலே பயனுண்டு. விஞ்ஞானப் புனைகதையின் முதலீடு வியப்பு. கால இயந்திரம் எங்கே போய் இறங்கும், விண்ணுக்கு எழும் கோபுரம் நிலைக்குமா என்னும் ஆவலே வாசகனை இழுத்துச் செல்கிறது. ஆவல் தீர்ந்தபின் அந்நூல் பிழிந்த கரும்பன்றோ? இம்மறுப்பு வலுவானதே. அதற்கு விடை கூறுமுன், நேரம் என்பது தோட்டத்திலே எவ்வாறு அளக்கப்படுகிறது என்பதைக் காணவேண்டும்.

தோட்டத்து வழக்கிலே ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' என்று பெயர். காலையிலே பிரட்டுக்களத்துக்குப் போய், மலை பிரித்துக் கொடுக்கப்பட்டு, நிர்ணயித்த எடைக்குக் கொழுந்து பறித்துக் கொடுத்தால் ஒரு பேர் விழும். எடை குறைந்தால் அரைப்பேர். கடிகாரம் முழுநாளைக் காட்டினும் தராசு அரைநாளைக் காட்டுமாயின் தராசு சொல்வதே செல்லும். நேரம் கிலோவிலே நிறுக்கப்படும் இடம் அது. மனிதரின் பெயரையே பாதியாக்கும் இச்சொல் எப்படி உருவானது என்பதை மொழியியலார் ஆராயட்டும்; அதனைப் பிள்ளைப் பருவம் முதல் கேட்டு வளர்ந்தவர் நேரத்தை வேறு கண்ணால் பார்ப்பார் என்பது மட்டும் உறுதி. மலையிலிருந்து இறங்கும் பெண்ணுக்கு வேலை முடிவதுமில்லை. பிள்ளைக்காம்பராவிலே விட்ட குழந்தை, விறகு, தண்ணீர், அடுப்பு என்று அவளுடைய இரண்டாவது நாள் அந்தியிலே தொடங்கும். அதற்கு எவரும் பேர் போடுவதில்லை. படிப்பதற்கு நேரம் மட்டும் போதாது. மூலையும் வெளிச்சமும் வேண்டும். பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று சொல்லப்படும் லயத்துக் காம்பராவிலே ஒரு குடும்பம் முழுவதும் உண்டு உறங்குகையில் அவை எங்கிருந்து கிடைக்கும்? பதுளை மாவட்டத்துத் தோட்டமொன்றிலே பிறந்த தெளிவத்தை ஜோசப், 'மீன்கள்' என்னும் சிறுகதையிலே அந்த ஓரறை வாழ்வின் நெருக்கத்தைக் காட்டினார். 1974 இல் வெளிவந்த தமது நாவலுக்கு அவர் இட்ட பெயர் 'காலங்கள் சாவதில்லை' என்பதாகும்.

பாடசாலையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் கிரேக்க மொழியின் 'ஸ்கோலே' என்பதிலிருந்து வந்தது. அதன் மூலப்பொருள் ஓய்வு. ஓய்வுடையவரே கற்க முடியும் என்பது கிரேக்கர் கருத்து. அவ்வோய்வு அடிமைகளின் உழைப்பின்மேல் நின்றது என்பதை அரிஸ்டோட்டில் மறைக்கவுமில்லை. நெசவு நாடா தானே நெய்யுமாயின், யாழ் தானே இசைக்குமாயின் எசமானருக்கு அடிமைகள் தேவைப்படார் என்று தமது 'அரசியல்' நூலின் முதற் பகுதியிலே அவர் எழுதிச் சென்றார். நடவாத ஒன்றை நடந்ததாக வைத்து நடப்பைச் சோதிக்கும் அந்த ஒரு சிந்தனைக்காக, அவரை விஞ்ஞானப் புனைகதையின் முன்னோருள் ஒருவராகக் கொள்வதிலே எனக்குத் தடையில்லை.

இனி, எச். ஜி. வெல்ஸ் 1895 இல் வெளியிட்ட 'கால இயந்திரம்' என்னும் நாவலை நோக்குவோம். கதை பலரும் அறிந்ததே. கால யாத்திரிகன் கி.பி. 802,701 ஆம் ஆண்டிலே போய் இறங்குகிறான். மேற்பரப்பிலே எலோய் எனப்படும் அழகிய சிறு மாந்தர் பழம் உண்டு, பூப்பறித்து, விளையாடித் திரிகின்றனர். நிலத்தின் கீழே மோர்லொக் எனப்படுவோர் இருளிலே இயந்திரங்களுடன் வாழ்ந்து, இரவிலே மேலேறி வந்து எலோய்களை இரையாக்குகின்றனர். முதன்முறை படிக்கும் எவரும் எலோய்களின் பக்கமே நிற்பர். வீனா என்னும் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு யாத்திரிகன் இருளிலே ஓடும்போது வாசகனும் உடன் ஓடுகிறான். மோர்லொக்குகள் வெறும் பேய்கள்.

இரண்டாம் முறை படிக்கும்போது ஓட்டம் தணிகிறது. தணியவே, முன்னர் கண்ணிற் படாத சிறு செய்திகள் தெரிகின்றன. உழைக்கவே அறியாத எலோய்கள் உடுத்திருக்கும் ஆடைகளை நெய்தவர் யாவர்? மோர்லொக்குகளே என்று யாத்திரிகன் ஊகிக்கிறான். ஏவல் செய்த பழைய வழக்கத்தின் எச்சம் என்கிறான். முதல் வாசிப்பிலே இவ்வரி கடந்து போய்விடும். தோட்டத்திலிருந்து வந்த வாசகர் இரண்டாம் வாசிப்பிலே இவ்வரியைக் கடக்க முடியாது. அக்கதையிலே தம் வீட்டார் எங்கே இருக்கின்றனர் என்பதை அவ்வரி அவருக்குக் காட்டிவிடுகிறது. கூடவே, பல்கலைக்கழக விடுதியிலே சாய்ந்திருக்கும் தாம் எங்கே இருக்கிறோம் என்பதையும் காட்டிவிடுகிறது.

வெல்ஸ் இதனை வெறுங் கற்பனையாகப் படைத்தாரல்லர். 1866 இல் பிறந்த அவர் இளமையிலே துணிக்கடையொன்றிலே நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வேலை பழகியவர். அவருடைய தாயார் அப்பார்க் என்னும் மாளிகையிலே வீட்டுப் பணிகளின் தலைவியாக இருந்தார். பணியாளர் மேலுள்ளோர் கண்ணிற் படாது சென்று வரும் பொருட்டு அம்மாளிகையிலே சுரங்க வழிகள் அமைந்திருந்தன. அம்மாளிகையின் நூலகத்திலேதான் இளைஞர் வெல்ஸ் பிளேட்டோவின் 'குடியரசை'ப் படித்தார். கீழ்த்தளத்துத் தாயின் உழைப்பு, மேற்தளத்து நூலகம், இடையிலே படிக்கும் மகன் என்னும் இந்த அமைப்பை உவா மலைகளிலிருந்து வருபவருக்கு எவரும் விளக்கத் தேவையில்லை.

இந்நாவலிலே பலரும் மறந்துவிடும் பகுதி ஒன்றுண்டு. பச்சைப் பீங்கான் மாளிகை எனப்படும் பாழடைந்த நூதனசாலையிலே யாத்திரிகன் ஒரு மண்டபத்துக்குள் நுழைகிறான். சுவர்களிலே கந்தல்போல் ஏதோ தொங்குகிறது. உற்று நோக்கும்போதுதான் அவை உக்கிப்போன நூல்கள் என்பது தெரிகிறது. எத்தனை மனித உழைப்பு வீணாயிற்று என்று மலைத்து நிற்கும் அவன், ஒளியியல் பற்றித் தான் எழுதிய பதினேழு கட்டுரைகளையும் நினைத்துக்கொள்கிறான் (விரிவுரையாளர் எவரும் இவ்விடத்திலே புன்னகை செய்யாதிருத்தல் அரிது). அந்நூல்களைத் தீயிட்டவர் எவருமில்லை, தடை செய்தவருமில்லை. எலோய்களுக்கு உலகத்து நேரமெல்லாம் இருந்தது, படிப்பார் இல்லை. ஓய்வு கிடைத்தால் எல்லாரும் படிப்பர் என்னும் நம் எளிய நம்பிக்கையை வெல்ஸ் இந்த ஒரு மண்டபத்தைக் கொண்டு உடைத்துவிடுகிறார். நேரம் இருப்பது வேறு. நேரத்தைத் தனதாக்கிக் கொள்வது வேறு.

ரே பிராட்பரியின் 'பரனைட் 451' (1953) இதனை இன்னும் நுணுக்கமாக எடுத்து ஆராய்கிறது. நூல்களை எரிப்பதே தீயணைப்புப் படையின் தொழிலாகிவிட்ட நாடு அது. இந்நாவலை நம்மவர் படிக்கும்போது 1981 ஆம் ஆண்டு நினைவுக்கு வாராதிருப்பதில்லை. அவ்வாண்டு மே 31 ஆம் திகதி இரவு மூட்டப்பட்ட தீயிலே யாழ்ப்பாணப் பொதுநூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. ஆகலின் நாம் இந்நாவலைத் தீயைப் பற்றிய நாவலாகவே படித்துவிடுகிறோம். மீளப் படிக்கும்போது வேறொன்று தெரிகிறது. பீற்றி என்னும் தீப்படைத் தலைவன் கூறும் வரலாற்றின்படி, எரிப்பு தொடங்குமுன்னரே மக்கள் படிப்பதைக் கைவிட்டிருந்தனர். பெருநூல்கள் கால்மணி நேர வானொலி நிகழ்ச்சியாகச் சுருங்கின. பின் இரண்டு நிமிடப் பத்தியாயின. ஈற்றிலே அகராதிக் குறிப்பாயின. தீ இறுதியிலேதான் வந்தது.

அதே நாவலிலே பேபர் என்னும் முதிய பேராசிரியர், நூல்களால் பயன் விளைய மூன்று வேண்டும் என்கிறார். தரமுள்ள பொருள் வேண்டும். அதனைச் செரிக்க ஓய்வு வேண்டும். செரித்ததன்படி செயலாற்றும் உரிமை வேண்டும். வேலை நேரம் குறைந்துவிட்டதே என்று மொண்டாக் மறுத்தபோது, வேலையற்ற நேரம் வேறு, சிந்திக்கும் நேரம் வேறு என்று அவர் பிரித்துக் காட்டுகிறார். மூன்றாவது நிபந்தனையைப் பின்னர் எடுத்துக்கொள்வோம். இங்கே ஒரு சிறு செய்தியைக் கூறாதிருக்க முடியவில்லை. பிராட்பரி இக்கதையின் முதல் வடிவத்தை எழுதியது லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலே கலிபோர்னியாப் பல்கலைக்கழக நூலகத்தின் நிலவறையிலே. அங்கே அரைமணிக்குப் பத்துச் சதம் போட்டால் இயங்கும் தட்டச்சு இயந்திரங்கள் இருந்தன. வீட்டிலே சிறு குழந்தையுடன் எழுத இயலாதிருந்த அவர் 9 டொலர் 80 சதத்துக்கு நேரத்தை வாங்கி நாவலின் முன்வடிவை முடித்தார். நேரத்துக்கு விலையுண்டு என்பதைத் தோட்டத்தார் அறிவர். அது அமெரிக்க எழுத்தாளருக்கும் தெரிந்திருந்தது.

படிக்க நேரமற்றவர்கள் கதையை மீட்பதைக் கைவிட்டவர்கள் என்று எண்ணிவிடலாகாது. தோட்டங்களிலே ஆண்டுதோறும் மாசியிலே காமன் கூத்து ஆடப்படுகிறது. காமன் எரிவான், இரதி அழுவாள் என்பது கூடியிருக்கும் அனைவருக்கும் தெரியும். முடிவு தெரிந்த கதைக்கு ஏன் இரவு முழுவதும் கண்விழிக்கிறீர்கள் என்று அவர்களிடம் கேட்டால் நம்மைப் பரிதாபமாகப் பார்ப்பர். பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதையையும் நல்லதங்காள் கதையையும் எழுத்தறிந்த ஒருவர் விளக்கடியிலிருந்து படிக்க, லயத்து வாசலிலே பத்துப்பேர் கேட்ட காலமும் இருந்தது. ஒருவர் செலவிட்ட நேரம் பத்துப்பேருக்கும் பயன்பட்டது. கியூபா நாட்டுச் சுருட்டுத் தொழிற்சாலைகளிலே 1865 முதல் இதே வழக்கம் வேறு வடிவிலே நிலவியது. தொழிலாளர் தம் கூலியிலிருந்து பணம் சேர்த்து வாசிப்பாளர் ஒருவரை அமர்த்தினர். கை சுருட்டைச் சுற்ற, காது நாவலைக் கேட்டது. டூமாவின் கதைத் தலைவன் மொன்டே கிறிஸ்டோவின் பெயரிலே ஒரு சுருட்டே வந்துவிட்டது. மலைச்சரிவிலே சிதறி நின்று கொழுந்து பறிப்பவர்க்கு அவ்வாய்ப்பு இல்லை. ஆயினும் ஓய்வு என்பது ஒருவர் தனித்து நுகரும் சொத்து என்னும் கருத்தை இவ்வழக்கங்கள் அசைத்துவிடுகின்றன.

எதிர்காலம் பற்றிய நாவலுக்கு வேறெந்த நாவலுக்கும் இல்லாத ஓர் இடர் உண்டு: அது கூறிய ஆண்டு வந்துவிடும். சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' 1980களிலே ஆனந்த விகடனிலே தொடராக வந்தபோது 2021 எட்டாத் தொலைவிலே இருந்தது. ஜீனோ என்னும் இயந்திர நாய் சிந்திக்கத் தொடங்கும் அக்கதையிலே மனிதரின் பெயரும் பிள்ளைப்பேறும் அரசின் ஆணைக்குள் அடங்கிக் கிடந்தன. உண்மையான 2021 வந்தது. அவ்வாண்டிலே நம் தோட்டங்களிலே பேசப்பட்ட பெருஞ்செய்தி, நாட்கூலி 1000 ரூபாவாக வர்த்தமானியிலே அறிவிக்கப்பட்டதும், அதன்பின் சில தோட்டங்களிலே பறிக்க வேண்டிய கொழுந்தின் எடை கூட்டப்பட்டது என்ற முறைப்பாடும் ஆகும். ஆண்டு கடந்தபின் அந்நாவலைப் படிப்பவர், சோதிடம் பலித்ததா என்று பார்ப்பாராயின் ஏமாறுவார். ஒரு தலைமுறை எதற்கு அஞ்சியது, எதனை எண்ணிப் பார்க்கவே இல்லை என்பதைப் பார்ப்பாராயின் நிறையக் காண்பார்.

ஆதர் சி. கிளார்க் 1956 முதல் 2008 இல் மறையும்வரை இலங்கையிலே வாழ்ந்தவர். 1979 இல் வெளிவந்த அவருடைய 'சொர்க்கத்தின் ஊற்றுகள்' இத்தீவையே களமாகக் கொண்டது. பூமியிலிருந்து விண்ணுக்கு ஏறும் கோபுரத்தை மோர்கன் என்னும் பொறியியலாளன் கட்ட முனைகிறான். அதற்கு ஏற்ற ஒரே இடம் ஸ்ரீகந்த என்னும் மலையுச்சி. நமது சிவனொளிபாதமலைதான் அது. கதைக்காகத் தீவை 800 கிலோமீற்றர் தெற்கே நகர்த்தி நிலநடுக்கோட்டிலே வைத்ததையும், மலையின் உயரத்தை இரட்டித்ததையும் கிளார்க் தாமே ஒப்புக்கொள்கிறார். மலையை நகர்த்துவது நாவலாசிரியருக்கு எளிது. உச்சியிலே துறவிகளின் மடம் உண்டு. அவர்கள் இடம்விட மறுக்கின்றனர். வழக்கு மோர்கனுக்குத் தோல்வியாகிறது. மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் உச்சியை அடையும் நாளிலே மடம் கைவிடப்படும் என்பது பழைய வாக்கு. வானிலைச் சோதனையொன்றிலே எழுந்த பெருங்காற்று பூச்சிகளை மேலே கொண்டுசேர்க்க, துறவிகள் இறங்கிச் செல்கின்றனர். முதல் வாசிப்பிலே கோபுரமே கண்ணை நிறைக்கும்.

2014 ஒக்டோபர் 29 ஆம் திகதிக்குப் பின் அந்நாவலை நான் பழைய முறையிலே படிக்க இயலவில்லை. அன்று காலை ஏழரை மணியளவிலே, தொடர்மழையிலே ஊறியிருந்த மலை மீரியபெத்தவின் லயங்கள்மீது சரிந்தது. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் பலர் உயிர் தப்பினர். அவர்களுட் சிலர் திரும்பி வந்தபோது பெற்றோரும் இல்லை, வீடும் இல்லை. இது எவரும் எதிர்பாராத இடர் அன்று. அவ்விடம் ஆபத்தானது, மக்கள் வேறிடத்திலே குடியேற்றப்பட வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. எதிர்காலம் எழுதப்பட்டுப் படிக்கப்பட்டும் இருந்தது. கிளார்க்கின் நாவலிலே துறவிகளை மலையைவிட்டு இறக்க ஒரு வழக்கும் ஒரு புயலும் தேவைப்பட்டன. அவர்களுக்கு மறுக்கும் உரிமை இருந்தது. மீரியபெத்தவிலே இருந்தோர்க்கு மறுக்கவும் உரிமையில்லை, போகவும் இடமில்லை. லயம் தோட்டத்துக்குரியது, வேலை லயத்தோடு கட்டுண்டது, சொந்த நிலம் ஒரு பேர்ச்சும் இல்லாதவர் எச்சரிக்கையைக் கையிலே வைத்துக்கொண்டு எங்கே போவார்? உயிர் தப்பியோர் மாகல்தெனியவின் பழைய தேயிலைத் தொழிற்சாலையிலே தங்கவைக்கப்பட்டு, 2016 இலே பூனாகலைப் பகுதியிலே புதிய வீடுகளுக்குச் சென்றனர். நிலம் தேடவும் வீடு கட்டவும் முடியும் என்பது அதனால் தெளிவாயிற்று. சரிவின்முன் அது முடியாததாக இருந்தது.

பேபர் கூறிய மூன்றாவது நிபந்தனை இங்கேதான் பொருள் பெறுகிறது. தரமுள்ள அறிவு இருந்தது. படிக்க ஆண்டுகளும் இருந்தன. அதன்படி செயலாற்றும் உரிமை, ஆற்ற வேண்டியவர்களிடமிருந்து சாவுக்கு அஞ்ச வேண்டியவர்களுக்குக் கைமாறவில்லை. அந்த அறிக்கைகளை அதிகாரிகள் படிக்கவில்லை என்று கூற நான் துணியேன். ஒருமுறை படித்தனர், மழை விட்டது, கோப்பை மூடினர். முதல் வாசிப்பு திடுக்கிடச் செய்யும். திடுக்கீடு ஒரு பருவத்துக்கு மேல் நிற்பதில்லை. அறிக்கையிலே யாருடைய பெயர் இல்லை, யார் கேட்கப்படவில்லை, யாருக்குப் போக்கிடமில்லை என்பன இரண்டாம் வாசிப்பிலேதான் தெரியவரும். எலோய்களின் ஆடையைப் பற்றிய வரியைப் போல.

எனவே, விடுதிக் கட்டிலிலே இருக்கும் மாணவருக்கு என்ன கூறுவது? அவருடைய நேரம் இரவல் நேரம் என்பது மெய்யே. இலவசக் கல்வி அதனை முற்றாகச் சொந்தமாக்கிவிடவில்லை. அதற்குரிய பேர்கள் மலையிலே விழுந்துகொண்டிருக்கின்றன. கடனை அடைப்பதற்கு வழி இன்பத்தைத் துறப்பதே என்று கூறுவார் உளர். தாய் வெயிலிலே நிற்கையில் மகன் கதை படிப்பதா என்று ஊரிலே கேட்பார்கள். அக்கேள்வியை நான் எள்ள மாட்டேன். ஆயின் தாய் தன் மகன் பரீட்சைக்குறிப்பு அளவுக்குச் சுருங்குவதற்காகவா மலை ஏறினாள்? தனக்குக் கிடையாத ஒன்று அவனுக்குக் கிடைக்க வேண்டும் என்றே ஏறினாள். கிடையாதவற்றுள் தலையாயது, எவரும் எடை போடாத ஒரு மணித்தியாலம். அதனைப் பெற்றவர் கதையை விழுங்கிவிட்டு அடுத்ததற்குப் போவது, பழம் உண்டு அடுத்த மரத்துக்குப் போகும் எலோயின் செயல். திரும்பிப்போய் ஆடையை நெய்தவரைத் தேடுவது வேறு செயல். இதற்கு ஆண்டுக்கு ஐம்பது நாவல்கள் வேண்டியதில்லை. இரண்டு போதும், விடுமுறையிலே வீட்டுக்குப் போகும்போது பையிலே ஒன்று இருந்தால், அதனைத் தங்கைக்கோ அடுத்த காம்பராப் பிள்ளைக்கோ உரத்துப் படிக்கவும் முடியும்.

வெல்ஸின் நாவலிலே யாத்திரிகன் முதன்முறை எவ்வித ஆயத்தமும் இன்றிப் போனவன். புகைப்படக் கருவியொன்றைக்கூட எடுத்துச் செல்லவில்லையே என்று அங்கே வருந்தினான். திரும்பி வந்து கதையைச் சொன்னபோது கேட்டிருந்தோர் நம்பவில்லை. மறுநாளே, பையும் புகைப்படக் கருவியுமாக இயந்திரத்துக்கு மீண்டும் போகிறான். அரைமணி நேரம் பொறுத்திரு என்று நண்பனிடம் சொல்லிவிட்டுத்தான் போகிறான். மூன்றாண்டுகள் கழித்து அந்நண்பன் கதையைச் சொல்லும்போதும் அவன் வந்து சேரவில்லை.